பக்கத்து நாடுகள் மோதும் சாஃப் கால்பந்து: 2025-ல் நடக்க வேண்டியது ஏன் தள்ளிப்போச்சு? இந்தியாவுக்கு ஏன் முக்கியம்? முழு விவரம்

இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், மாலத்தீவு, பூடான். கிரிக்கெட்டில் இந்த நாடுகள் ஒரே தொடரில் மோதினால் தெருவே அடங்கிவிடும். இதே நாடுகளுக்கு கால்பந்திலும் ஒரு கோப்பை இருக்கு. பேரு சாஃப் சாம்பியன்ஷிப். தெற்காசியாவின் கால்பந்து உலகக் கோப்பைன்னு ரசிகர்கள் செல்லமா சொல்வாங்க.

2025-ல் நடக்க வேண்டிய தொடர் 2026-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஏழு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மைதானத்தில் கூடுவது அவ்வளவு கஷ்டமா? ஆமாம், கஷ்டம்தான். காரணம் என்ன, இந்தக் கோப்பையில் யாருக்கு என்ன லாபம், இந்தியாவுக்கு இதில் என்ன பணயம் என்பதைப் பார்க்கலாம்.

சாஃப் என்றால் என்ன?

தெற்காசிய கால்பந்து கூட்டமைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் சாஃப். 1997-ல் தொடங்கப்பட்டது. தலைமையகம் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் இருக்கு. மேலே சொன்ன ஏழு நாடுகளும் இப்போதைய உறுப்பினர்கள். பூடான் 2000-ல் சேர்ந்தது. 2005-ல் சேர்ந்த ஆப்கானிஸ்தான், பிறகு மத்திய ஆசிய கால்பந்து கூட்டமைப்புக்குப் போய்விட்டது.

கூட்டமைப்பைவிட கோப்பைக்கு வயது அதிகம். 1993-ல் லாகூரில் நான்கு அணிகளோடு முதல் தொடர் நடந்தது. இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் மட்டும் ஆடின. இறுதிப் போட்டியே கிடையாது. எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை மோதி, அதிகப் புள்ளி எடுத்த இந்தியா கோப்பையைத் தூக்கியது.

இதுவரை ஜெயித்தது யார்?

மொத்தம் 14 தொடர்கள் நடந்திருக்கு. கணக்கு இதுதான்:

இந்தியா – 9 முறை (1993, 1997, 1999, 2005, 2009, 2011, 2015, 2021, 2023)
மாலத்தீவு – 2 முறை (2008, 2018)
இலங்கை – 1 முறை (1995)
வங்கதேசம் – 1 முறை (2003)
ஆப்கானிஸ்தான் – 1 முறை (2013)

பட்டியலைப் பார்த்தால் இந்தியாவின் தனி ராஜ்ஜியம் மாதிரி தெரியும். 14-ல் 13 முறை முதல் இரண்டு இடங்களுக்குள் இந்தியா வந்திருக்கு. 2003-ல் மட்டும்தான் அரையிறுதியோடு நின்றது. டாக்காவில் நடந்த அந்த ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் விழுந்த கோல்டன் கோலால் வங்கதேசம் 2-1 என ஜெயித்தது.

ஆனால் இந்தியா தோற்ற இறுதிப் போட்டிகளில்தான் இந்தத் தொடரின் சுவாரசியம் இருக்கு. 1995-ல் கொழும்பில் இலங்கை 1-0 என இந்தியாவை வீழ்த்தியது. இலங்கை கால்பந்து வரலாற்றில் இன்றுவரை அதுதான் ஒரே சாஃப் கோப்பை. 2008-ல் அதே கொழும்பில் மாலத்தீவு 1-0 என வென்றது. சென்னையின் ஒரு பகுதி மக்கள்தொகைகூட இல்லாத ஒரு தீவு நாடு, 100 கோடிக்கும் மேல் மக்கள் இருக்கும் நாட்டை மண்ணைக் கவ்வ வைத்தது. 2018-ல் டாக்காவில் 2-1 என மறுபடியும் அதையே செய்தது.

2013-ல் காத்மாண்டுவில் ஆப்கானிஸ்தான் 2-0 என இந்தியாவை வென்றபோது, போரால் களைத்துப்போன காபூல் நகரத் தெருக்களில் மக்கள் விடிய விடியக் கொண்டாடினார்கள். அந்த நாட்டு கால்பந்து அணிக்குக் கிடைத்த முதல் சர்வதேசக் கோப்பை அது.

கடைசித் தொடர் எப்படி இருந்தது?

2023 ஜூன், ஜூலையில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்தது. எட்டு அணிகள், இரண்டு பிரிவுகள், மொத்தம் 15 ஆட்டங்கள். ஃபிஃபா தடையால் இலங்கை ஆட முடியவில்லை. மேற்கு ஆசியாவிலிருந்து லெபனானும் குவைத்தும் விருந்தினர் அணிகளாக அழைக்கப்பட்டன.

விருந்தாளியைக் கூப்பிட்டால் போட்டி சூடாகும் என்பது கணக்கு. கணக்கு சரியாகவே வந்தது. அரையிறுதியில் லெபனானோடு இந்தியா கோல் இல்லாமல் டிரா செய்து, பெனால்டி ஷூட் அவுட்டில் 4-2 என ஜெயித்தது. ஜூலை 4 அன்று இறுதிப் போட்டியில் குவைத்தோடு 1-1 டிரா. மறுபடியும் பெனால்டி. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து கடைசிப் பந்தைத் தடுக்க, 5-4 என ஒன்பதாவது கோப்பை இந்தியாவுக்கு வந்தது.

அந்த மாதம் இந்திய ரசிகர்கள் மறக்காத மாதம். தரவரிசையில் இந்தியா 100-வது இடத்துக்குள் வந்திருந்தது. அங்கிருந்து இப்போது எங்கே இருக்கோம் என்பதைக் கீழே பார்க்கலாம்.

திட்டம் போட்டும் ஏன் தள்ளிப்போகுது?

இது முதல்முறை கிடையாது. ஆரம்பத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலும் 1999-க்கு அடுத்த தொடர் 2003-லும், 2015-க்கு அடுத்தது 2018-லும்தான் நடந்தன. ஒவ்வொரு முறையும் சுற்றிச் சுற்றி நான்கு முடிச்சுகள்தான் விழுகின்றன.

முதல் முடிச்சு, நாள்காட்டி. தேசிய அணிகள் ஆடுவதற்கென்று ஃபிஃபா சில நாட்களை ஒதுக்கும். அந்த நாட்களில் மட்டும்தான் கிளப்புகள் வீரர்களைக் கட்டாயம் விடுவிக்கணும். வெளியே நடத்தினால், 'எங்க ஆளை அனுப்ப மாட்டோம்' என்று கிளப் சொல்லலாம். 2018-ல் இந்தியா 23 வயதுக்குட்பட்ட அணியை அனுப்பி, இறுதிப் போட்டியில் தோற்றது நினைவிருக்கலாம். இப்போது வங்கதேசத்துக்கு இங்கிலாந்தில் ஆடும் ஹம்சா சவுத்ரி போன்றவர்கள் ஆடுகிறார்கள். இலங்கையும் ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களை அழைத்து வருது. இவர்கள் எல்லாம் வரணும் என்றால் தேதி ஃபிஃபா நாட்களுக்குள் அடங்கணும். ஆனால் அதே நாட்களில்தான் ஆசியக் கோப்பை தகுதிச்சுற்றும் நடக்கும். 2025 முழுக்க ஏழு நாடுகளுமே அதில் மாட்டியிருந்தன.

இரண்டாவது முடிச்சு, ஃபிஃபா தடை. கால்பந்து சங்கத்தில் அரசோ நீதிமன்றமோ தலையிட்டால், அல்லது நிர்வாகத் தேர்தல் சரியில்லை என்றால் ஃபிஃபா தடை போடும். பாகிஸ்தான் 2017, 2021, 2025 என மூன்று முறை இந்தத் தடையில் சிக்கியது. அதனால் 2021 தொடரையே தவறவிட்டது. இலங்கை 2023 ஜனவரியில் சிக்கி, அந்த ஆண்டு தொடரை இழந்தது. இந்தியாவும் 2022 ஆகஸ்ட்டில் சில நாட்கள் தடையில் இருந்தது. ஆபீஸில் நடக்கும் சண்டைக்கு ஆட்டக்காரர் தண்டனை அனுபவிப்பதுதான் இதன் சோகம்.

மூன்றாவது முடிச்சு, விசா. 2023-ல் மொரீஷியஸில் ஆடிக்கொண்டிருந்த பாகிஸ்தான் அணிக்கு இந்திய விசா தாமதமாகத்தான் கிடைத்தது. ஜூன் 21 அன்று இரவு இந்தியாவோடு ஆட்டம். வீரர்கள் பெங்களூரு வந்து சேர்ந்ததே அன்றைக்குத்தான். விமானத்திலிருந்து இறங்கி, சில மணி நேரத்தில் களமிறங்கியவர்கள் 4-0 எனத் தோற்றார்கள். சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். ஸ்கோரை மட்டும் பார்த்தால் இந்த விஷயம் தெரியாது.

நான்காவது முடிச்சு, காசும் மைதானமும். சர்வதேசத் தரத்துக்கு அனுமதி பெற்ற மைதானம் எல்லா நாட்டிலும் ரெடியாக இருப்பதில்லை. ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர் கிடைத்தால்தான் பயணச் செலவு, ஓட்டல் செலவைத் தாங்க முடியும். 2023-ல் சாம்பியனுக்குக் கிடைத்த பரிசு 50,000 டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 41 லட்சம் ரூபாய். ஐபிஎல் ஏலத்தில் ஒரு புதுமுக வீரரின் அடிப்படை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நிலைமை புரியும்.

'சொந்த ஊர், எதிரி ஊர்' முறை வந்தால் என்ன ஆகும்?

இதுவரை ஒரு நாட்டில் எல்லோரும் கூடி இரண்டு வாரத்தில் முடிப்பதுதான் வழக்கம். 2008-ல் மட்டும் மாலத்தீவும் இலங்கையும் சேர்ந்து நடத்தின. இதை மாற்றி, ஒவ்வொரு அணியும் சொந்த மண்ணிலும் எதிரணி மண்ணிலும் ஆடும் முறையைக் கொண்டு வரலாம் என்ற யோசனை பேசப்பட்டு வருகிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் தங்கள் கோப்பையில் 2018-லிருந்து லீக் சுற்றையே இப்படி நடத்துகின்றன. தாய்லாந்து, வியட்நாம், மலேசியாவில் மைதானம் நிரம்பி வழிவதை டிவியில் பார்த்திருப்பீங்க.

லாபம் தெளிவானது. டாக்கா ரசிகருக்கு டாக்காவிலேயே ஆட்டம். காத்மாண்டு தசரத் மைதானத்தில் நேபாள ரசிகர்கள் போடும் சத்தம் அந்த அணிக்கு 12-வது ஆள். டிக்கெட் காசும் அந்தந்த சங்கத்துக்கே போகும்.

சிக்கலும் தெளிவானதுதான். கணக்கைப் பாருங்க. ஏழு அணிகள் ஒருவரோடு ஒருவர் ஒருமுறை மோதினாலே 21 ஆட்டம். இரண்டு முறை மோதினால் 42. ஒருமுறை முறையிலேயே ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஆட்டம். ஏழு என்பது ஒற்றைப்படை என்பதால் ஒரு சுற்றில் ஓய்வு. ஆக மொத்தம் ஏழு சுற்று வேணும். ஃபிஃபா நாட்களில் வழக்கமாக ஒரு முறைக்கு இரண்டு ஆட்டம்தான் ஆட முடியும். அப்படியென்றால் நான்கு இடைவெளிகள் தேவை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடிவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தி: 2026-லிருந்து செப்டம்பர், அக்டோபர் இடைவெளிகளை ஃபிஃபா ஒன்றாகச் சேர்த்து, நான்கு ஆட்டங்கள் ஆடும் நீண்ட இடைவெளியாக மாற்றியிருக்கு. ஒரே இடத்தில் சின்னதாக ஒரு தொடரை முடிக்க இது தோதான நேரம்.

இன்னொரு பெரிய சிக்கல் எல்லையில் நிற்கிறது. 2025 ஆகஸ்ட்டில் இந்திய விளையாட்டு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது. பாகிஸ்தானோடு இருதரப்புத் தொடர்கள் கிடையாது, பல நாடுகள் ஆடும் போட்டிகளில் ஆடலாம் என்பது அதன் சாரம். சாஃப் பல நாட்டுப் போட்டிதான். ஆனால் 'எதிரி ஊர்' முறை வந்தால் இந்தியா லாகூருக்கோ இஸ்லாமாபாத்துக்கோ போய் ஆடணும். அது எந்தக் கணக்கில் வரும்? இத்தனைக்கும் 2005-ல் கராச்சியில் போய் இந்தியா இந்தக் கோப்பையை வாங்கி வந்திருக்கு. இன்றைய சூழலில் பொதுவான ஒரு நாட்டில் நடத்துவதே எளிது என்று தோன்றுவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஜூனியர் பிரிவுகளில் அந்த வழி ஏற்கெனவே வேலை செய்யுது. 2025 செப்டம்பரில் கொழும்பில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் சாஃப் தொடரில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. இந்தியா கோப்பையையும் வென்றது.

இந்தியாவுக்கு ஏன் இது முக்கியம்?

ஒன்பது கோப்பை வாங்கிய அணிக்கு பத்தாவது எதற்கு என்று கேட்கலாம். 2023-க்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் கேட்க மாட்டீங்க.

2023-ல் 100-க்குள் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142-வது இடத்துக்குச் சரிந்தது. இடையில் 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் போனது. கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்ற அன்றே கதவு மூடிவிட்டது. போதாக்குறைக்கு, 2025 ஜூலையில் ஐஎஸ்எல் தொடரே நிறுத்திவைக்கப்பட்டு, வீரர்கள் ஆட இடமில்லாமல் நின்றார்கள்.

எல்லாவற்றையும்விட வலித்தது நவம்பர் 18, 2025. டாக்காவில் வங்கதேசம் 1-0 என இந்தியாவை வென்றது. 2003 கோல்டன் கோலுக்குப் பிறகு, 22 ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு எதிராக அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி. 'இவங்ககிட்ட எப்படியும் ஜெயிச்சுடுவோம்' என்று எந்த அணியைப் பற்றி நினைத்தோமோ, அந்த அணி முந்திவிட்டது.

தரவரிசைக் கணக்கில் சாஃப் ஆட்டங்களுக்கு மதிப்பு குறைவுதான். தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு இருக்கும் எடை, வட்டாரத் தொடர்களுக்குக் கிடையாது. நட்பு ஆட்டம் மாதிரிதான் கணக்கில் வரும். மேலே இருக்கும் அணி கீழே இருக்கும் அணியிடம் தோற்றால் இழக்கும் புள்ளியும் அதிகம். ஆக, இந்தியாவுக்கு ஜெயித்தால் கொஞ்சம் லாபம், தோற்றால் பெரிய அவமானம். அப்படியிருந்தும் ஆடணும். ஆசியக் கோப்பை இல்லாத ஒரு அணிக்கு, புது வீரர்களை அழுத்தமான ஆட்டத்தில் சோதிக்க இதைவிட்டால் வேறு மேடை குறைவு.

சின்ன நாடுகளுக்கு இது உயிர்மூச்சு

2026 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்றில் இலங்கை, மாலத்தீவு, பூடான் மூன்றும் 2023 அக்டோபரில் முதல் சுற்றிலேயே வெளியேறின. அதாவது, இரண்டே ஆட்டம். உலகக் கோப்பைக் கனவு அங்கேயே முடிஞ்சது. பூடான் இரண்டாவது ஆட்டத்தில் ஹாங்காங்கை 2-0 என வென்றும்கூட, முதல் ஆட்டத் தோல்வியால் பலனில்லாமல் போனது.

இப்படிப்பட்ட அணிகளுக்கு சாஃப் தொடரில் இன்னும் சில ஆட்டங்கள் கிடைக்கும். அதுவும் தங்கள் தரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அணிகளோடு. ஜப்பானிடம் பத்து கோல் வாங்குவதில் கற்றுக்கொள்வதைவிட, நேபாளத்தோடு 1-1 என முட்டி மோதுவதில் ஒரு அணி அதிகம் கற்றுக்கொள்ளும்.

பாகிஸ்தான் இதற்கு நல்ல உதாரணம். உள்நாட்டுக் குழப்பத்தாலும் தடையாலும் மூன்று வருஷத்துக்கும் மேல் சர்வதேச ஆட்டமே இல்லாமல் கிடந்த அணி, 2018-ல் டாக்காவுக்கு வந்து அரையிறுதி வரை போனது. ஐந்து ஆண்டு கழித்து, 2023 அக்டோபரில் கம்போடியாவை வென்று உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் தன் முதல் வெற்றியையும் பெற்றது. நேபாளமும் 2021-ல்தான் முதல்முறையாக இறுதிப் போட்டியைப் பார்த்தது.

மகளிர் பிரிவில் கதையே வேற

மகளிர் சாஃப் 2010-ல் தொடங்கியது. முதல் ஐந்து கோப்பையும் இந்தியாவுக்கே. 2019-ல் நேபாளத்தில் வென்ற அணியில் கடலூர் இந்துமதி கதிரேசன் முக்கியமான ஆட்டக்காரர்.

அதன்பிறகு காற்று திசை மாறியது. 2022, 2024 இரண்டிலும் வங்கதேசம் சாம்பியன். இரண்டு முறையும் காத்மாண்டுவில், நேபாளத்தை அதன் சொந்த ரசிகர்கள் முன்னால் வீழ்த்தியது. டாக்காவில் திறந்த பஸ்ஸில் அந்தப் பெண்கள் ஊர்வலம் வந்தபோது சாலையெங்கும் கூட்டம். வங்கதேசப் பெண்கள் அணி அதே வேகத்தில் 2026 ஆசியக் கோப்பைக்கும் முதல்முறையாகத் தகுதி பெற்றது. வட்டாரக் கோப்பையில் கிடைக்கும் நம்பிக்கை எதுவரை கொண்டு போகும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

தமிழ் ரசிகர்களுக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொடர் ரொம்பப் பக்கத்தில் வந்தது இரண்டு முறை. ஒன்று 2023 பெங்களூரு. இன்னொன்று 2015 தொடர். திருவனந்தபுரத்தில் நடந்த அதன் இறுதிப் போட்டி 2016 ஜனவரி 3 அன்று. கூடுதல் நேரத்தில் சேத்ரி அடித்த கோலில் ஆப்கானிஸ்தானை 2-1 என இந்தியா வென்றது. கால்பந்தை மூச்சாக நினைக்கும் கன்னியாகுமரி கடலோரக் கிராமங்களிலிருந்து அந்த மைதானம் கூப்பிடு தூரம்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிரிக்கெட்டுக்குச் சமமாகக் கால்பந்து ஓடும் ஊர்கள் இருக்கு. இலங்கை தேசிய அணியில் வடக்கிலிருந்து வந்த வீரர்களும், புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். 1995 கோப்பைக்குப் பிறகு பிறந்த தலைமுறை அது. அவர்களுக்கு சாஃப் என்பது அப்பா சொன்ன கதை மட்டும்தான்.

அட்டவணை வரும்போது என்னவெல்லாம் கவனிக்கணும்?

சாஃப் தொடருக்கான அட்டவணை வெளியாகும்போது, கீழே உள்ள ஐந்து விஷயங்களை மட்டும் பார்த்தால் போதும். தொடர் உருப்படியாக நடக்குமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

1. தேதி ஃபிஃபா நாட்களுக்குள் வருதா? வந்தால்தான் ஒவ்வொரு நாடும் முழு பலத்தோடு வரும்.
2. ஒரே நாட்டிலா, பல நாடுகளிலா? பல நாடுகள் என்றால் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி.
3. ஏழு நாடுகளும் இருக்கா? ஏதாவது ஒன்று ஃபிஃபா தடையில் இருந்தால் பட்டியலே மாறும்.
4. விருந்தினர் அணிகள் உண்டா? குவைத், லெபனான் மாதிரி பலமான அணி வந்தால் கோப்பை தெற்காசியாவை விட்டு வெளியே போகவும் வாய்ப்பு இருக்கு. 2023-ல் ஒரு பெனால்டியில்தான் தப்பித்தது.
5. இந்தியா அனுப்புவது சீனியர் அணியா, 23 வயதுக்குட்பட்ட அணியா? அதை வைத்தே இந்தத் தொடரை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் புரிந்துகொள்வார்கள்.

பங்காளிச் சண்டையில் ஜெயிப்பது பெரிய விஷயமில்லை என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. டாக்காவில் வாங்கிய அடிக்குப் பிறகு இந்திய அணி அப்படி நினைக்க முடியாது. அடுத்த சாஃப் எங்கே நடந்தாலும், நடப்பு சாம்பியன் என்ற பட்டத்தோடு இந்தியா இறங்கும். ஆனால் இந்த முறை எதிரே நிற்கும் எந்த அணியும் பயந்து நிற்காது.